நுண்ணுயிர்கள் தரும் மின்சாரம்

தவளைக் கால் துடித்த கதையை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். இத்தாலியின் பொலோனா நகரில் உடற்கூற்றியல் கற்பித்துவந்த லூயிகி கால்வானி, இறந்த தவளையின் காலை இருவேறு உலோகங்களால் தொட்டபோது அது வெடுக்கென்று உதறுவதைக் கண்டார். விலங்கின் உடலுக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்று 1791-இல் எழுதினார். அதே நாட்டவரான அலெசாண்ட்ரோ வோல்ட்டா இதை ஒப்புக்கொள்ளவில்லை. மின்சாரத்தைத் தருபவை இரண்டு உலோகங்களும் அவற்றுக்கு இடையே உள்ள ஈரமுமே என்றார். அதோடு நில்லாமல், இருவகை உலோக வட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி, உப்பு நீரில் நனைத்த அட்டைகளை இடையே செருகி, தவளையே இல்லாமல் மின்சாரம் எடுத்துக் காட்டினார். உலகின் முதல் மின்கல அடுக்கு 1800-இல் இவ்வாறு பிறந்தது.

இந்தப் பழைய வழக்கை இப்போது ஏன் கிளற வேண்டும்? காரணம் இருக்கிறது. உயிரிலிருந்து மின்சாரம் எடுத்தேன் என்று யார் சொன்னாலும், அது உயிர் தந்ததா, உலோகம் தந்ததா என்று கேட்கும் பழக்கத்தை வோல்ட்டா நமக்குக் கற்றுத் தந்துவிட்டார். பாக்டீரியா மின்சாரத்தின் கதையும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லித்தான் தொடங்குகிறது.

விடை சொன்னவர் எம். சி. பாட்டர் என்னும் தாவரவியல் பேராசிரியர். இங்கிலாந்தில் நியூகாசில் நகரிலிருந்த ஆர்ம்ஸ்ட்ராங் கல்லூரியில் பணியாற்றியவர். சர்க்கரைக் கரைசலில் ஒருபுறம் ஈஸ்ட் அல்லது பாக்டீரியாவைச் சேர்த்தார், மறுபுறம் சேர்க்கவில்லை. இடையில் கரைசல்கள் கலந்துவிடாதபடி நுண்துளைத் தடுப்பு. மின்வாய்கள் இரண்டும் பிளாட்டினமே. இங்கேதான் அவருடைய திறமை இருக்கிறது. இருபுறமும் ஒரே உலோகம் என்றால், மின்சாரத்துக்கு உலோக வேறுபாட்டைக் காரணம் காட்ட முடியாதல்லவா? அவருக்குக் கிடைத்த மின்னழுத்தம் 0.3 முதல் 0.5 வோல்ட் வரை. உணவின் அளவு, வெப்பநிலை, உயிருள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கை இவற்றுக்கேற்ப அது மாறுவதையும் பாட்டர் காட்டினார். 1911-இல் இராயல் சங்கத்தின் ஏட்டில் கட்டுரை வெளிவந்தது. அன்று அதைப் பெரிதாக எண்ணியவர்கள் மிகச் சிலரே.

ஒரு வார்த்தை இடையில் சொல்லிவிடுகிறோம். துத்தநாகத் தகட்டையும் செப்புத் தகட்டையும் சேற்றில் செருகி விளக்கேற்றிவிட்டு, "பாக்டீரியா மின்சாரம்" என்று பெயர் எழுதி வைக்கும் பள்ளிக் கண்காட்சிகள் உண்டு. அது வோல்ட்டாவின் மின்சாரம். துத்தநாகம் தீரத் தீர விளக்கும் மங்கிவிடும். பாக்டீரியாவைச் சோதிக்க விரும்பும் மாணவர், இரண்டு பக்கமும் கரிக்கோல்களையே வைக்க வேண்டும். கொதிக்க வைத்து ஆற்றிய சேற்றில் இன்னொரு கலமும் அமைத்து ஒப்பிட வேண்டும்.

சரி, சர்க்கரையிலிருந்து மின்சாரம் எப்படி வருகிறது? நாம் உணவை உண்கிறோம். உடலின் செல்கள் அதைச் சிதைக்கும்போது எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் அவற்றை இறுதியில் வாங்கிக்கொள்கிறது. பல பாக்டீரியாக்களும் இப்படியே வாழ்கின்றன. ஆக்சிஜன் புகாத கலத்தில் பாக்டீரியாவை அடைத்து ஒரு மின்வாயை வைத்தால், எலெக்ட்ரான்கள் அந்த மின்வாயில் ஏறிக் கம்பி வழியே ஓடி, மறுபக்கம் காத்திருக்கும் ஆக்சிஜனைச் சேரும். அந்த ஓட்டமே மின்னோட்டம். உணவாகிய எரிபொருள் எரியாமலே மின்சாரமாகிறது. இதை நுண்ணுயிர் எரிபொருள் மின்கலம் என்கிறார்கள்.

சொல்வதற்கு எளிது. ஆனால் பாக்டீரியாவின் மேலுறை மின்சாரத்தைக் கடத்தாது. உள்ளே இருக்கும் எலெக்ட்ரான் வெளியே வர வழி எங்கே? எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வாளர்களை அலைக்கழித்தது இந்தக் கேள்விதான்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்னெட் கோகன் 1931-இல் பல பாக்டீரியா கலங்களைத் தொடராக இணைத்து 35 வோல்ட்டுக்கு மேல் எடுத்தார். கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியர் மட்டுமே. கணக்குப் போட்டால் திறன் 0.07 வாட். இன்று வீட்டில் எரியும் 7 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றுக்கு இத்தகைய அடுக்குகள் நூறு வேண்டும்!

1960-களில் விண்வெளி ஆய்வாளர்கள் பக்கம் ஆவல் பிறந்தது. நெடும்பயணத்தில் மனிதக் கழிவையே மின்சாரமாக்க முடிந்தால் எவ்வளவு நல்லது! ஆனால் 1965-இல் ஜெமினி 5 விண்கலத்தில் ஏறியது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கொண்ட எரிபொருள் மின்கலமே. பாக்டீரியா தரையிலேயே தங்கிவிட்டது.

1980-களில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பீட்டர் பென்னெட்டோ குழுவினர் தயோனின் போன்ற சாயப் பொருள்களைத் தூதர்களாக அனுப்பினார்கள். சாய மூலக்கூறு செல்லுக்குள் நுழைந்து எலெக்ட்ரானை ஏற்றிக்கொண்டு, வெளியே வந்து மின்வாயில் இறக்கிவிடும். ஆற்றின் குறுக்கே ஆளேற்றும் பரிசல் போல. மின்னோட்டம் கூடியது. ஆனால் சாயங்களுக்குச் செலவாகும். பல நச்சுத்தன்மை உள்ளவை. சாக்கடை நீரை ஓடவிட்டால் அவையும் சேர்ந்து ஓடிவிடும்.

விடை கிடைத்தது, மின்சாரத்தைத் தேடாதவர்களிடம். டெரெக் லவ்லி என்பவர் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் கிடைத்த ஒரு பாக்டீரியாவைப் பற்றி 1987-இல் எழுதினார். ஜியோபேக்டர் என்று பின்னர் பெயர் பெற்றது அதுதான். ஆக்சிஜன் எட்டாத சேற்றில் அது இரும்புத் துருவைக் கொண்டு மூச்சு விடுகிறது! மறு ஆண்டே சார்ல்ஸ் மையர்ஸும் கென்னத் நீல்சனும் நியூயார்க் மாநிலத்து ஒனைடா ஏரியில் கிடைத்த இன்னொரு பாக்டீரியா மாங்கனீசு ஆக்சைடைக் கொண்டு அவ்வாறே செய்வதைத் தெரிவித்தார்கள். அதை இன்று ஷெவனெல்லா என்கிறோம்.

துருவும் மாங்கனீசு ஆக்சைடும் திடப்பொருள்கள் என்பதைக் கவனியுங்கள். ஆக்சிஜனைப் போல அவை செல்லுக்குள் நுழையமாட்டா. எனவே இந்தப் பாக்டீரியாக்களே எலெக்ட்ரானை உறைக்கு வெளியே கொண்டுவந்து கொடுத்தாக வேண்டும். அத்தகைய உயிருக்குக் கரிமின்வாய் என்பது தீராத துருக்கட்டி! தென்கொரியாவில் பியுங் ஹாங் கிம் குழுவினர் 1999-இல் ஷெவனெல்லாவைக் கொண்டு, தூதர் எதுவும் இல்லாமலே மின்கலம் இயங்குவதைக் காட்டினார்கள். 2002-இல் லவ்லி குழுவினர் கடலடிச் சேற்றில் மின்வாயைப் புதைத்தபோது, ஜியோபேக்டரின் உறவினர்கள் தாமே வந்து அதன்மேல் குடியேறினர்.

எலெக்ட்ரான் எந்த வழியாக வருகிறது என்பதில் இன்னொரு திருப்பம் உண்டு. ஜியோபேக்டரின் மயிர் போன்ற இழைகளே மின்கம்பிகள் என்று 2005-இல் அறிவித்தார்கள். 2019-இல் அந்த இழைகளை மிக நுணுக்கமாகப் படமெடுத்துப் பார்த்தபோது, அவை சைட்டோகுரோம் என்னும் புரதத்தால் ஆனவை என்று தெரிந்தது. அதில் ஹீம் என்னும் இரும்புக் கூறுகள் படிக்கட்டுபோல் வரிசையாக நிற்கின்றன. நம் இரத்தத்தைச் சிவப்பாக்குவதும் ஹீமே. இவ்விஷயத்தில் விவாதம் முழுதும் ஓயவில்லை.

வழி தெரிந்துவிட்டதே, ஊருக்கு மின்சாரம் கிடைக்குமா என்று கேட்பீர்கள். அந்த ஆசை வேண்டாம் என்பதே நம் கருத்து. ஒரு கலம் தருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. தொடராக இணைத்தால், ஏதாவது ஒரு கலத்தில் உணவு குறைந்தவுடன் அதன் மின்னழுத்தம் தலைகீழாகி மற்றவற்றின் உழைப்பையும் தின்றுவிடுகிறது.

கழிவுநீரில் நிலைமை வேறு. அதைத் தூய்மையாக்கக் காற்றை ஊதிச் செலுத்துவதற்கே மிகுந்த மின்சாரம் போகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லோகன் குழுவினர் 2004-இல் வீட்டுக் கழிவுநீர் தூய்மையாகும்போதே மின்சாரம் தருவதைக் காட்டினார்கள். இங்கே மின்சாரம் சிறிதளவே வந்தாலும், காற்று ஊதும் செலவு மிச்சமாவது பெரிய ஆதாயம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அயோனிஸ் இயரோபுலோஸ் குழுவினர் 2013-இல் சிறுநீரைக் கொண்டு ஒரு கைப்பேசிக்கு மின்னேற்றினர்; 2015-இல் ஒரு கழிப்பிடத்துக்கு விளக்கும் ஏற்றினர்.

மின்கம்பி எட்டாத இடங்களிலும் இதற்கு வேலை உண்டு. அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர், வானிலை அளக்கும் மிதவை ஒன்றைச் சேற்று மின்சாரத்தால் இயக்கிய செய்தியை 2008-இல் வெளியிட்டார்கள். காற்றின் வெப்பம், அழுத்தம், ஈரப்பதம், நீரின் வெப்பம் இவற்றை அளந்து வானொலி அலையில் அனுப்பும் அந்த மிதவைக்குச் சுமார் 18 மில்லி வாட் போதும். முதல் கலத்தை அதே பொட்டோமாக் ஆற்றின் அடிச்சேற்றில் இறக்கினார்கள். அதன் எடை 230 கிலோகிராம். தந்தது 24 மில்லி வாட். அடுத்து நியூ ஜெர்சி கடற்கரைச் சேற்றில் வைத்த கலத்தின் எடை 16 கிலோகிராம்தான். அது 36 மில்லி வாட் தந்தது.