குப்பிக்குள் அடைபட்ட அறிவு

முதுமையை நெருங்கும் மாதருக்கென விலைமிக்க குப்பிகளில் விற்கப்படும் வெயிற்காப்புக் களிம்பின் மூல அறிவு, சீமாட்டியர் முகத்திலிருந்து பெறப்பட்டதன்று. ஹம்பேர்க் மருத்துவர் ஊன்னா 1894 இல் விவரித்தது கடலோடிகளின் தோலையே. தடித்து நிறம் மாறிய அதனை ‘மாலுமித் தோல்’ என்றார். போர்தோவில் டூப்றெய் என்பார் திராட்சைத் தோட்ட உழைப்பாளரிடம் வெயிலின் கொடுமையைக் கண்டார்.

களிம்போ தோட்டத்துக்குப் போகவில்லை. 1936 இல் பிரெஞ்சுத் தொழிலாளர் போராடிப் பெற்ற இருவாரச் சம்பள விடுமுறை கடற்கரைகளை நிரப்பிற்று. களிம்பு வாணிபம் அங்கே செழித்தது. திராட்சை பறித்த கிழவிக்குத் தலைத்துணியே காவல்!

களிம்பு பொய்யன்று. அவுஸ்திரேலியாவின் நம்பூரில் 1992 இல் தொடங்கிய நான்கரை ஆண்டு ஆய்வின் முடிவு 2013 இல் வெளியாயிற்று. நாள்தோறும் பூசியோர், விருப்பம்போற் பூசியோரிலும் 24 சதவீதம் குறைவாகவே தோல் மூப்பெய்தினர். நாள்தோறும் பூசியோருக்குக் களிம்பு வேண்டிய மட்டும் விலையின்றி வழங்கப்பட்டிருந்தது.