கொலையுதிர் காலம் (புதினம்)

கொலையுதிர் காலம் என்பது சுஜாதா (1935–2008) எழுதிய திகில் புதினமாகும். 1981இல் குமுதம் வார இதழில் தொடராக வெளிவந்தது. பின்னர் தியாகராய நகரின் விசா பப்ளிகேஷன்ஸ் வெளியீடாக நூல் வடிவம் பெற்றது.

கதை

பெரும் சொத்துக்கு உரிய லீனா என்னும் இளம்பெண்ணின் சட்ட அலுவலை முன்னிட்டு வழக்கறிஞர்களான கணேஷும் வசந்தும் செல்கின்றனர். அங்கே இரவில் ஒரு பெண்ணுருவம் தோன்றி மறைகிறது, கொலையும் நிகழ்கிறது. பேய்தான் என்கிறான் வசந்த். அறிவியல் விளக்கம் தேடுகிறான் கணேஷ். திகிலைவிட இவ்விருவரின் வாதமே புதினத்தின் வலிமை எனலாம்.

அறிவியல் விளக்கம்

(முடிவு பற்றிய விவரம் கீழே உள்ளது.) தோன்றிய உருவம் ஹோலோகிராம் எனக் கதை கூறுகிறது. இம்முறையை 1947இல் கண்டறிந்த டென்னிசு காபர் 1971இல் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் ஹோலோகிராம் உருவம் அது பதிந்த தகட்டை நோக்குபவருக்கே தெரியும். திறந்தவெளியில் தானே நடமாடும் உருவை அதனால் எழுப்ப இயலாது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனப் பொறியாளரான ஆசிரியரிடம் வாசகர் இன்னும் உறுதியான விளக்கத்தை எதிர்பார்ப்பது இயல்பே. எனினும் சிலவற்றை விளக்காமலே கதை முடிவதால் வசந்தின் தரப்பும் முற்றிலும் தோற்பதில்லை.

2019இல் இதே பெயரில் சக்ரி டோலெட்டி இயக்கிய திரைப்படத்தின் கதை வேறு.