மேலட்டையும் ஓவியமே

மலிவுப் பதிப்பின் மேலட்டை வாங்குவோரை ஈர்ப்பதற்கென்றே தீட்டப்படுவது. அதனைக் கலையென மதித்தல் தகுமோ என வினவுவோர் உளர். அமெரிக்க அறிவியற் புனைகதை நூல்களின் வரலாறு இதற்கு நல்ல விடை தருகின்றது.

ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1926இல் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழுக்குப் பிராங்க் ஆர். பால் அட்டைப்படம் வரைந்தார். பேரியந்திரங்களும் விண்கலங்களும் வேற்றுலக உயிர்களும் பளிச்சிடும் வண்ணங்களில் அங்கே உருப்பெற்றன. கதையில் நிகழ்வதை அப்படியே கண்முன் நிறுத்துவதே அம்மரபு.

அதனின்று விலகி நடந்தவர் ரிச்சர்டு பவர்ஸ் (1921–1996). இயன் பாலன்டைனும் அவர்தம் துணைவியார் பெட்டியும் 1952இல் நிறுவிய பதிப்பகம், ஆர்தர் சி. கிளார்க்கின் ‘சைல்டுஹுட்ஸ் எண்டு’ என்னும் புதினத்தை மறு ஆண்டே 35 சென்டு விலையில் வெளியிட்டது. அதற்கு அட்டை தீட்டியவர் பவர்ஸே. ஈவ் டாங்கி முதலிய அடிமன ஓவியர்களின் நெறி அவரைக் கவர்ந்திருந்தது. உயிரோ பொறியோ எனத் தெளியவொண்ணாத வடிவங்கள் அவர் படங்களில் மிதக்கும். அவற்றினிடையே மனித உரு சிறுத்து நிற்கும்.

காணாத உலகைக் கண்டதுபோல் வரைந்தால் அதன் புதுமை குன்றிவிடும். பவர்ஸ் கதையை எடுத்துரைக்கவில்லை. கதை தரும் வியப்பையும் அச்சத்தையும் குறிப்பால் உணர்த்தினார். வெளிப்படக் கூறுவதினும் குறிப்பாற் பெறவைத்தல் சிறப்பென்பது தமிழ் கற்றோர்க்குப் புதிதன்று.

அறிவியற் புனைகதைப் புகழ் மன்றம் 2008இல் பாலன்டைன் இணையரையும் பவர்ஸையும் ஒருங்கே சிறப்பித்தது. ஓவியர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் அப்போது கழிந்திருந்தன. மலிவு என்பது நூலின் விலையே அன்றி, அதன்மேல் அமைந்த ஓவியத்தின் தரமன்று.