வாலிபன் சுற்றிய ஊர்

போன செப்டம்பரில் ஒசாகாவில் மகன் வீட்டில் இருந்தேன். அந்த ஊரில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த சமயம். கடலைத் தூர்த்து உண்டாக்கிய யுமெஷிமா தீவில் இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்கு மரத்தாலேயே ஒரு வளையம் கட்டி, அதற்குள்ளும் வெளியிலுமாக நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கடை விரித்திருந்தன. மகன் டிக்கெட் போடத் தயாராக இருந்தான்.

"அதுக்கு முன்னாடி பழைய கண்காட்சியைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றேன்.

"எந்தப் பழைய கண்காட்சி?"

"1970-ல நடந்தது."

"அதை இடிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சுப்பா. இப்ப அது வெறும் பார்க்கு."

"தெரியும். எம்.ஜி.ஆர். நடந்த இடம் எப்படி இருக்குன்னு பார்க்கணும்."

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்க பெரியப்பா கிட்ட வாக்கு கொடுத்திருப்பாரு" என்றாள். வாக்கெல்லாம் கொடுக்கவில்லை. ஆனால் அவள் சொன்னதில் விஷயம் இருந்தது.

'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது 1973 மே 11, வெள்ளிக்கிழமை. 'நாடோடி மன்ன'னுக்குப் பிறகு எம்.ஜி.ஆர். இயக்கிய இரண்டாவது படம். படப்பிடிப்பு நடந்த 1970-ல் அவர் தி.மு.க.வின் பொருளாளர், பரங்கிமலை எம்.எல்.ஏ. படம் திரைக்கு வருவதற்குள் 1972 அக்டோபரில் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டு, அதே மாதம் 17-ஆம் தேதி அ.தி.மு.க.வைத் தொடங்கிவிட்டார். மே 20-ல் திண்டுக்கல் இடைத்தேர்தல். அதற்கு ஒன்பது நாள் முன்னால் இந்தப் படம். சுவரொட்டி வரி ஏறிப்போனதால் சென்னையில் சுவரொட்டியே ஒட்டாமல் ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தார்கள். ஆட்டோவில், சைக்கிளில், வீட்டுக் கதவில் எல்லாம் அந்த ஸ்டிக்கர்தான்.

காஞ்சிபுரம் அண்ணா பிறந்த ஊர். அதைச் சுற்றியிருக்கிற எங்களைப் போன்ற கிராமங்களில் அந்தப் பிளவு வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அப்பா பழைய தி.மு.க. அண்ணா மறைந்தபோது மூன்று நாள் சரியாகச் சாப்பிடாதவர். அண்ணன் எம்.ஜி.ஆர். பக்கம். இரண்டு பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேப்பர் படிப்பார்கள். அந்தப் படத்தைப் பார்க்கப் போனால் வீட்டுக்கு வரவேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அண்ணன் போனார். திருப்புலிவனத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரே சைக்கிளில் என்னையும் முன்னால் உட்கார்த்திக்கொண்டு. எனக்குப் பதினாறு வயது. இரவு வீடு திரும்பியபோது கதவு சாத்தியிருந்தது. சாலையோரத்தில் இருக்கிற வியாக்ரபுரீஸ்வரர் கோயில் மதிலோரமாகப் படுத்தோம். அண்ணன் தூங்கவே இல்லை. அந்த ஊரில் எல்லாமே எப்படிப் புத்தம்புதுசாக இருக்கிறது என்று வியந்துகொண்டேயிருந்தார். ஜப்பான்காரன் ஊரையே நேற்றுக் கட்டினாற்போல இருக்கிறதே என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை என்று எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

ஆசியாவில் நடந்த முதல் உலகக் கண்காட்சி அது. ஒசாகா நகரத்துக்கு வடக்கே சென்ரி குன்றுகளில் மூங்கில் காடாகக் கிடந்த இடத்தை வெட்டிச் சமன்செய்து, ஏறக்குறைய 815 ஏக்கரில் ஓர் ஊரையே எழுப்பினார்கள். திட்டம் போட்டவர் கென்சோ டாங்கே என்ற கட்டடக் கலைஞர். 77 நாடுகள் கலந்துகொண்டன. 1970 மார்ச் 15 தொடங்கி செப்டம்பர் 13 வரை, மொத்தம் 183 நாள். வந்தவர்கள் 6 கோடியே 42 லட்சம் பேர். அன்றைக்கு ஜப்பானின் ஜனத்தொகையே பத்துக் கோடியைக் கொஞ்சம் தாண்டியதுதான். செப்டம்பர் 5 ஒரு நாளில் மட்டும் 8 லட்சத்து 35 ஆயிரம் பேர் உள்ளே இருந்தார்கள். காஞ்சிபுரம் கருட சேவைக் கூட்டத்தில் நசுங்கியவனுக்கு அந்த எண்ணிக்கை கொஞ்சம் புரியும்.

கண்காட்சி முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும் என்பது முதலிலேயே போட்ட ஏற்பாடு. ஆறு மாதத்துக்காகக் கட்டிய ஊர். லாவோஸ் நாட்டின் அரங்கை மட்டும் நாகானோ பக்கம் கொண்டுபோய்ப் புத்தர் கோயிலாக நிறுத்தினார்கள். இப்படி இடம் மாறிப் பிழைத்தவை சில. மற்றதெல்லாம் இரும்பாகவும் கான்கிரீட்டாகவும் உடைந்து போயின. ஆக, நாங்கள் காஞ்சிபுரத்தில் படம் பார்த்த அந்த மே மாதத்தில், திரையில் தெரிந்த ஊர் ஏற்கெனவே இல்லாமல் போயிருந்தது. அண்ணன் ஆசைப்பட்டது இல்லாத ஊருக்கு.

ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. அந்தக் காலத்தில் பாஸ்போர்ட் என்பது எங்கள் பக்கம் கண்ணால் பார்க்காத பொருள். அந்நியச் செலாவணிக்கு அரசாங்கத்திடம் கைகட்டி நிற்க வேண்டிய நாள். ஹாங்காங், சிங்கப்பூர், தாய்லாந்து, ஜப்பான் என்று ஒரு படக்குழு சுற்றிவந்ததே தமிழ்நாட்டுக்குப் பெரிய செய்தி. எம்.ஜி.ஆர். அந்தப் பயணத்தைப் பற்றி 'பொம்மை' பத்திரிகையில் தொடராகவே எழுதினார். அண்ணன் அந்தப் பக்கங்களைக் கத்தரித்து, சாதம் வடித்த கஞ்சியால் நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். நோட்டைக் கரையான் தின்றது. ஆசையைத் தின்னவில்லை. சாகிற வருஷம் என் மகனுக்கு ஒசாகாவில் வேலை என்று கேள்விப்பட்டதும், "அந்தக் கண்காட்சி நடந்த ஊர்டா அது. போனா எனக்கும் சேர்த்துப் பார்த்துட்டு வா" என்றார். என் மனைவி வாக்கு என்று சொன்னது இதைத்தான்.

மோனோரயில் நிலையத்தில் இறங்கியதுமே சூரியக் கோபுரம் தெரிந்தது. டாரோ ஒகமோடோ என்ற கலைஞர் செய்தது. 70 மீட்டர் உயரம், இரண்டு பக்கமும் இறக்கை போலக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. உச்சியில் தங்க முகம் எதிர்காலம், வயிற்றில் இருக்கிற முகம் நிகழ்காலம், முதுகில் கறுப்பு முகம் இறந்தகாலம் என்கிறார்கள். டாங்கே போட்ட பெரிய கூரையைத் துளைத்துக்கொண்டு இது மேலே நின்றது. இன்றைக்குக் கூரை இல்லை. அதில் ஒரு துண்டை மட்டும் பக்கத்துத் தரையில் இறக்கி வைத்திருக்கிறார்கள். கோபுரத்தையும் இடிப்பதாகத்தான் இருந்தது. ஜனங்கள் விடவில்லை, 1975-ல் நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்று முடிவானது. உள்ளே உயிர் மரம் என்று 41 மீட்டர் உயரத்தில் ஒரு மரம். பூட்டிக் கிடந்ததைச் செப்பனிட்டு 2018-ல் மறுபடி திறந்தார்கள். முன்பதிவு செய்துதான் உள்ளே போக முடிகிறது.

இன்னொரு சங்கதி. கண்காட்சி நடக்கும்போதே ஓர் ஆள் அந்தத் தங்க முகத்தின் கண்ணுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, இந்தக் கண்காட்சியே வேண்டாம் என்று ஒரு வாரம் இறங்காமல் இருந்தாராம். முன்னேற்றம், இணக்கம் என்று எழுதிப்போட்ட இடத்தில் இப்படியும் ஒருவர். கேட்டதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

கோபுரத்தைத் தாண்டினால் மகன் சொன்னதுதான். மரம், மரம், மரம். அரங்குகள் இருந்த இடமெல்லாம் நட்டு வளர்த்த காடு. அங்கங்கே ஒரு கல்லில் இன்ன நாட்டு அரங்கு இங்கே இருந்தது என்று எழுதியிருக்கிறது. நம் ஊரில் ஒரு சின்ன ஏரி தூர்ந்துபோனால்கூட இப்படி ஒரு கல் நட ஆளில்லை.

எங்கள் கோயில் சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. பக்கத்தில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. 30 குடும்பாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்த விவரம் அத்தனையும் அங்கே இருக்கிறது. ஆனால் கல்லில் கொடுத்தவன் பெயர் இருக்கும், கணக்கு இருக்கும். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவனுக்கு அதில் இடம் கிடையாது. இது ஏன் அப்போது தோன்றியது என்று கேட்டால், அடுத்த ஒரு மணி நேரத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பூங்காவுக்குள் மிச்சமிருக்கிற பெரிய கட்டடம் அன்றைய இரும்பு எஃகு அரங்கு. 2010 முதல் அதைக் கண்காட்சியின் நினைவுக் கூடமாக வைத்திருக்கிறார்கள். அன்றைய படங்கள், மாதிரி வடிவங்கள், வழிகாட்டிப் பெண்கள் உடுத்திய சீருடைகள் எல்லாம் இருக்கின்றன. அங்கே படித்த ஒரு தகவல் என்னை நிற்க வைத்தது. கண்காட்சித் தொடக்க விழா நடந்த மார்ச் 14 அன்றுதான் ட்சுருகா அணுமின் நிலையம் முறையாக உற்பத்தியைத் தொடங்கியது. அணு மின்சாரம் கண்காட்சிக்கு வந்ததை அப்போது பெருமையாக அறிவித்தார்கள். படத்தின் கதை என்ன? மின்னலின் சக்தியைச் சேமிக்கிற வழியைக் கண்டுபிடித்த விஞ்ஞானி முருகன், அது அழிவுக்குப் போய்விடக் கூடாது என்று குறிப்பைப் பிரித்து ஒளித்து வைக்கிறார். அணுகுண்டு விழுந்த நாட்டில், அணு விளக்கு எரிந்த திருவிழாவில், அந்தக் கதையைப் படமெடுத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். பொருந்தியிருக்கிறது.

வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மகனின் போனில் படத்தின் அந்தப் பகுதியை ஓட்டினோம். எந்தக் கூரை எந்த நாடு என்று அவன் படங்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஜப்பானியப் பெரியவர், என் வயதுதான் இருக்கும், எட்டிப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். இது அந்தக் கண்காட்சிதானே என்கிறார் என்று மகன் சொன்னான். ஆமாம், இது எங்கள் ஊர் சினிமா என்றோம்.

அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு போனை வாங்கினார். பள்ளிக்கூடத்துப் பையனாக அப்பா அம்மாவோடு வந்தாராம். அமெரிக்க அரங்கில் நிலாக் கல் பார்க்க மணிக்கணக்காக வரிசையில் நின்று, தம்பி அழுததால் பார்க்காமலே திரும்பினார்களாம். அதை அவர் இன்னும் மறக்கவில்லை.

"நடுவில் நடப்பவர் யார்?" என்று கேட்டார். பெரிய நடிகர், பின்னால் எங்கள் மாநிலத்தின் முதலமைச்சராகப் பத்து வருஷம் இருந்தார் என்று மகன் சொன்னான். அவர் மரியாதையாகத் தலையசைத்தார். ஆனால் அவர் கண் எம்.ஜி.ஆர். மேல் இல்லை. மறுபடி ஓட்டச் சொன்னார். மூன்றாவது முறை, ஓர் இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். பின்னால் போகிற கூட்டம்தான் அங்கே. தொப்பி போட்ட பிள்ளைகள், குடை பிடித்த பெண்கள், யாரென்று தெரியாமல் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள்.

"என்ன தேடுறாரு?" என்றேன்.

மகன் கேட்டுச் சொன்னான். "அவங்க அம்மாவைப்பா. வெள்ளைக் குடை வச்சிருந்தாங்களாம்."

நானும் அண்ணனும் அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்போம். காஞ்சிபுரத்தில் மூன்று முறை, பிறகு உத்திரமேரூர் டென்ட் கொட்டகையில் தரை டிக்கெட்டில் கணக்கில்லாமல். பின்னால் போகிறவர்களை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். மூவருமாகத் தேடினோம். வெள்ளைக் குடைகள் நாலைந்து இருந்தன. முகம் தெரியவில்லை.

பூங்கா மூடும் நேரம் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. படத்தின் பெயரைக் கேட்டார். மகன் ஜப்பானிய எழுத்தில் எழுதிக் கொடுத்தான். அதன் கடைசியில் 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு' என்று அடுத்த படத்துக்கு அறிவிப்பு வரும், அது எடுக்கப்படவேயில்லை என்பதையும் சொல்லச் சொன்னேன். அவர் சிரித்தார். சீட்டை இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கோபுரத்தின் கறுப்பு முகம் இருக்கிற பக்கமாக நடந்து போனார்.

அன்று இரவு ஊருக்குப் போன் போட்டேன். "அந்த ஊரு இருக்குதா தம்பி?" என்று அண்ணி கேட்டார்கள்.

"ஒரு கோபுரம் இருக்குது அண்ணி. மத்ததெல்லாம் படத்துலதான்."