லாம்பெத்தில் ஒரு பேழை - ஒரு வீட்டு ஷோகேஸ் மியூசியம் ஆன கதை

கடற்கரைக்குப் போயிட்டு நாலு கிளிஞ்சல் பொறுக்காம வர்ற ஆள் உண்டா? மயிலிறகை நோட்டுக்குள்ள வச்சு குட்டி போடும்னு காத்திருந்தவங்க, ஆத்துல கிடைச்ச கூழாங்கல்லை டிவி மேல வச்சவங்க, கன்னியாகுமரி சங்கை ஷோகேஸ்ல வச்சு வாரா வாரம் தூசி தட்டுறவங்க எல்லாரும் கையைத் தூக்குங்க. நீங்க ரொம்பப் பெரிய பரம்பரையைச் சேர்ந்தவங்க மக்களே :-) அந்தப் பரம்பரையில வந்த ஒரு குடும்பத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு. இதுல அடிதடி, கோர்ட்டு, கேஸு எல்லாமும் இருக்கு.

ஐரோப்பாவுல 16, 17-ஆம் நூற்றாண்டுகள்ல வசதியானவங்க வீட்ல விநோதப் பொருட்களுக்குன்னே ஒரு தனி அறை வைக்கிறது பெரிய ஃபேஷன். ஜெர்மன்காரங்க இதை வுண்டர்காமர்னு சொன்னாங்க. நேப்பிள்ஸ்ல மருந்துக்கடை வச்சிருந்த ஃபெர்ரான்தே இம்பெராட்டோ 1599-ல போட்ட புத்தகத்துல அவரோட அறையைப் படமாவே வரைஞ்சு வச்சிருக்கார். கூரையில ஒரு முதலை தலைகீழா ஒட்டிக்கிட்டு இருக்கும், அதைச் சுத்தி மீனும் சங்கும் சிப்பியும். வீட்டம்மா என்ன சொன்னாங்கன்னு மட்டும் புத்தகத்துல இல்லை.

ராஜாக்களும் பிரபுக்களும் இதைச் செஞ்சதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்லை. ஒரு தோட்டக்காரர் செஞ்சார் பாருங்க, அதுதான் மேட்டர்.

ஜான் ட்ராடெஸ்கன்ட். இங்கிலாந்து பிரபுக்கள் வீட்டுத் தோட்டங்களைப் பார்த்துக்கிட்டவர். ராபர்ட் செசில்கிட்ட வேலை பார்த்தப்போ 1611-ல செடியும் கிழங்கும் வாங்க ஹாலந்து பக்கம் அனுப்பினாங்க. 1618-ல ரஷ்யாவோட வடகோடி, 1620-ல அல்ஜீரியாப் பக்கம். இன்னைக்கு நம்மாளுங்க ஆன்சைட் போற மாதிரின்னு வச்சுக்கோங்க. போன இடத்துல எல்லாம் செடியோட சேர்த்து கல்லு, சிப்பி, இறகு, எலும்புன்னு கையில கிடைச்சதை அள்ளிட்டு வந்தார். அப்புறம் பக்கிங்ஹாம் டியூக்கிட்ட வேலைக்குச் சேர்ந்தார். 1625-ல டியூக் சார்பா அதிகாரி ஒருத்தருக்கு இவர் எழுதின கடிதம் இன்னும் இருக்கு. வெளிநாட்டு வியாபாரிங்ககிட்ட சொல்லி, விநோதமா எது கிடைச்சாலும் வாங்கி அனுப்பச் சொல்லுங்கன்னு ஒரு நீளமான லிஸ்ட்!

லண்டனுக்குத் தெற்கே லாம்பெத்துல இருந்த வீட்ல இதையெல்லாம் அடுக்கி வச்சார். நோவாவோட பேழை மாதிரி எல்லாத்துலயும் ஒண்ணு இருந்ததால வீட்டுக்கே 'பேழை'ன்னு பேராயிடுச்சு. ஆறு பென்ஸ் குடுத்தா யார் வேணாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். பிரபுக்களோட அறைகள்ல விருந்தாளிகளுக்கு மட்டும்தான் அனுமதி. இங்கே காசு குடுத்த எல்லாருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையா சூரத், ஆக்ரா எல்லாம் சுத்திட்டு ஊர் திரும்பின பீட்டர் மண்டி 1634-ல ஒரு நாள் முழுக்க இங்கே செலவழிச்சார். ஆயுசு முழுக்கப் பயணம் செஞ்சாலும் பார்க்க முடியாததை இங்கே ஒரே நாள்ல பார்க்கலாங்கற மாதிரி எழுதி வச்சிருக்கார். அவ்வளவு ஊர் சுத்தின ஆள் சொல்றது சும்மா இல்லை.

அப்பா 1638-ல இறந்ததும் அதே பேர் கொண்ட மகன் ஜான் தொடர்ந்தார். அவர் அமெரிக்காவுல வர்ஜீனியா வரைக்கும் போய் வந்தவர். ஆனா அவரோட ஒரே மகன் 1652-ல இறந்துட்டான். அடுத்து பார்த்துக்க ஆள் இல்லை. இந்த இடத்துலதான் எலியஸ் ஆஷ்மோல்னு ஒரு வக்கீல் கதைக்குள்ள வர்றார். ஜோதிடம், ரசவாதம்னு எல்லாத்துலயும் ஆர்வம் உள்ள மனுஷன். பொருட்களைப் பட்டியல் போட உதவி செஞ்சு, செலவையும் ஏத்துக்கிட்டார். 1656-ல அந்தப் பட்டியல் புத்தகமா வந்துச்சு. இங்கிலாந்துல அச்சான முதல் மியூசியம் கேட்டலாக் அதுதான். அதுல மொரீஷியஸ் டோடோ பறவையும் இருக்கு, ஃபீனிக்ஸ் பறவையோட வால் இறகும் இருக்கு! ஒரு செர்ரிக் கொட்டையில 88 சக்கரவர்த்திங்க முகத்தைச் செதுக்கினதும் இருக்கு. உண்மை, புருடா எல்லாம் ஒரே வரிசையில :-)

1659-ல மொத்தத்தையும் ஆஷ்மோலுக்குக் குடுக்கிறதா ஒரு பத்திரத்துல ஜான் கையெழுத்துப் போட்டார். ஆனா அதுக்கப்புறம் எழுதின உயில்ல, எல்லாம் மனைவி ஹெஸ்டருக்கு, அவங்களுக்குப் பிறகு ஆக்ஸ்ஃபோர்டுக்கோ கேம்பிரிட்ஜுக்கோன்னு எழுதினார். 1662-ல ஜான் இறந்தார், ஆஷ்மோல் கோர்ட்டுக்குப் போனார், 1664-ல ஜெயிச்சும்டார். ஹெஸ்டர் உயிரோட இருக்கிற வரைக்கும் பொருளைப் பாதுகாக்கலாம், அவ்வளவுதான். 1674-ல ஆஷ்மோல் பக்கத்து வீட்டுக்கே குடி வந்தார். தன்மேல ஹெஸ்டர் சொன்ன குற்றச்சாட்டெல்லாம் தப்புன்னு 1676-ல அவங்ககிட்டயே எழுதி வாங்கினார். 1678-ல ஹெஸ்டர் சொந்தத் தோட்டத்துக் குளத்துல பிணமா மிதந்தாங்க.

1683-ல ஆக்ஸ்ஃபோர்டுல மியூசியம் திறந்தாங்க. பேரு ஆஷ்மோலியன். அலைஞ்சு திரிஞ்சு பொறுக்கினவங்க ட்ராடெஸ்கன்ட் குடும்பம், பெயர்ப்பலகை வக்கீலுக்கு.

ஆஷ்மோல் இல்லைன்னா எல்லாம் ஏலத்துல சிதறிப் போயிருக்கும்னு ஒரு வாதம் உண்டு. அதுலயும் நியாயம் இருக்கு. அந்த டோடோ அழுகிப்போய் தலையும் ஒரு காலும்தான் மிஞ்சிச்சு. உலகத்துல சதையோட மிஞ்சின டோடோ அது ஒண்ணுதான். 2018-ல அந்தத் தலையை ஸ்கேன் பண்ணினப்போ உள்ளே ஈயக் குண்டுகள் இருந்துச்சு. யாரோ சுட்டிருக்காங்க! அலமாரியில கிடந்த பொருள் 350 வருஷத்துக்கு மேல கழிச்சு சாட்சி சொல்லுது.

பொறுக்கினவர் பேர் போயிடுறது ட்ராடெஸ்கன்டோட நிக்கலை. வர்ஜீனியாவுல இருந்து வந்த ஒரு பொருள் இன்னும் ஆஷ்மோலியன்ல இருக்கு. நாலு மான் தோலைச் சேர்த்துத் தைச்சு, சின்னச் சின்னக் கிளிஞ்சல்களால ஒரு மனுஷ உருவம், ரெண்டு மிருகம், நிறைய வட்டங்கள் கோத்தது. பவ்ஹாட்டன்ங்கற பழங்குடித் தலைவரோட உடைன்னு கேட்டலாக் சொல்லுது. உடுத்துறதாவே இருக்காது, மாட்டி வைக்கிறதா இருக்கும்னு இப்போ ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. செஞ்சவங்களைக் கேட்டு ஒரு வரி எழுதியிருந்தா இந்தக் குழப்பமே இல்லை.

நம்ம ஊருக்கு வருவோம். 1690-கள்ல மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில டாக்டரா இருந்த சாமுவேல் பிரௌன், சுத்துவட்டாரச் செடிகளைக் காய வச்சு, தமிழ்ப் பேரும் மருந்து குணமும் எழுதி லண்டனுக்கு அனுப்பினார். (அப்போ வெள்ளைக்காரங்க தமிழை மலபார்னு சொல்வாங்க.) ஜேம்ஸ் பெட்டிவர்ங்கற மருந்துக்கடைக்காரர் அதை ராயல் சொசைட்டி இதழ்ல கட்டுரையாப் போட்டார். பெட்டிவர் 1718-ல இறந்ததும் அவர் சேகரிப்பை ஹான்ஸ் ஸ்லோன் வாங்கினார். ஸ்லோனோட சேகரிப்புல இருந்துதான் 1753-ல பிரிட்டிஷ் மியூசியமே பிறந்துச்சு. மெட்ராஸ் செடிங்க இப்போ லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்துல பத்திரமா இருக்கு. கட்டுரைத் தலைப்புல பெட்டிவர் பேர் இருக்கு, பிரௌன் பேர் இருக்கு. இது இன்ன செடி, இதுக்கு இன்ன பேர், இன்ன நோய்க்கு ஆகும்னு பிரௌனுக்குச் சொல்லிக் குடுத்த மெட்ராஸ்காரர் பேர் அங்கே இல்லை.

ட்ராடெஸ்கன்டுக்காவது லின்னேயஸ் கொஞ்சம் நியாயம் செஞ்சார். ஒரு செடி இனத்துக்கு ட்ராடெஸ்கான்ஷியான்னு பேரு வச்சார். நம்ம பால்கனித் தொட்டிகள்ல ஊதா இலையோட படர்ந்து கிடக்குமே, அது அந்த இனம்தான்.

எங்க தொழில்ல டேட்டாவை விட அது எங்கிருந்து வந்துச்சுங்கற விவரம் முக்கியம்னு சொல்வோம். அதனால ஒரு சின்ன வேண்டுகோள். ஷோகேஸ்ல இருக்கிற கல்லோ சங்கோ, அடியில ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுங்க. எங்கே, எப்போ, யார் எடுத்தது, யார் குடுத்தது. கடற்கரையில சங்கு வித்த பாட்டி பேரையும் கேட்டு எழுதிடுங்க. உங்க வீட்டு ஷோகேஸ்ல என்ன இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, முதலை இருந்தா கட்டாயம் சொல்லுங்க :-)