முதல் கிராண்ட்

"மூவாயிரம் வெள்ளிதாண்ணே இருக்கு. செகண்ட் ஹேண்ட்ல எந்த மோட்டார் எடுக்கலாம்?"

எஸ்.பி.எம். முடித்து வேலைக்குப் போகத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நான் மெக்கானிக் இல்லை. தோட்டத்தில் பிறந்து, அப்பாவின் பழைய ஹோண்டாவில் ஓட்டப் பழகி, முப்பது வருடமாகப் பழைய மோட்டார்களையே வாங்கி ஓட்டுகிறவன் என்பதால் கேட்கிறார்கள். "இ.எக்ஸ்.5 பாரு, அதுக்கு மேல யோசிக்காதே" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடலாம். அது சரியான பதிலும்கூட. ஆனால் அது ஏன் சரி என்பதற்குப் பின்னால் அறுபது வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது. அந்தக் கதை தெரிந்தவன் பழைய மோட்டாரில் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினை அல்ல என்பதையும் தெரிந்துகொள்வான்.

ஜப்பானில் 1958 ஆகஸ்டில் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் சி100 என்ற வண்டியை வெளியிட்டது. 49 சிசி இன்ஜின், மூன்றே கியர். வண்டியை உருவாக்கியவர் சொய்சிரோ ஹோண்டா. அதை யாருக்கு விற்க வேண்டும் என்று யோசித்தவர் அவருடைய கூட்டாளி தக்கேயோ ஃபுஜிசாவா. அவர்கள் மனத்தில் இருந்தவன் நூடல்ஸ் கடைப் பையன். ஒரு கையில் தட்டைத் தாங்கிக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டியவன். அதனால் இடது கைக்கு கிளட்ச் பிடியே வைக்கவில்லை. கியர் மிதியைக் காலால் அழுத்தும்போது கிளட்ச் தானாக விலகும், காலை எடுத்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும். இருக்கைக்கு முன்னால் உயரமான டேங்க் இல்லாததால் பாவாடை கட்டியவர்களும் சிரமமில்லாமல் ஏறி உட்காரலாம். குண்டும் குழியுமான சாலைக்காக 17 அங்குலச் சக்கரங்கள். சேறு காலில் அடிக்காமலிருக்க முன்பக்கம் பிளாஸ்டிக் மறைப்பு. அழுக்கு சேராமலிருக்கச் செயினைச் சுற்றி முழு உறை. 2017இல் இந்தக் குடும்பத்து வண்டிகளின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. உலகத்தில் வேறு எந்த மோட்டார் வாகனமும் இந்த எண்ணிக்கையை எட்டியதில்லை.

புதிதாக ஓட்டப் பழகுகிறவன் முதலில் தடுமாறுவது கிளட்சில்தான். சிக்னலில் வண்டி குதித்து நின்றுபோகும், பின்னால் வரும் கார்க்காரன் ஹாரன் அடிப்பான், பதற்றத்தில் இன்னொரு தப்பு நடக்கும். அந்தச் சிக்கலே வராதபடி செய்யப்பட்ட வண்டி இது.

அதே 1958இல் பினாங்கில் லோ பூன் சியூ ஹோண்டாவின் விற்பனை உரிமையைப் பெற்றார். சீனாவின் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து பன்னிரண்டு வயதில் இங்கே வந்தவர், பஸ் கழுவிச் சம்பாதிக்கத் தொடங்கியவர். பிற்காலத்தில் அவரை 'மிஸ்டர் ஹோண்டா' என்றே அழைத்தார்கள். 1995இல் அவர் இறந்தபோது நாட்டில் ஹோண்டா ஓடாத கம்பம் கிடையாது. 'கப்' என்ற பெயரோடு, சின்னப் பயல் என்று பொருள்படும் கண்டோனீஸ் 'சாய்' ஒட்டிக்கொண்டு 'கப்சாய்' ஆனது என்பார்கள். இன்றைக்கு யமஹாவானாலும் மொடேனாஸானாலும் அந்த அளவு வண்டி எல்லாம் கப்சாய்தான்.

எங்கள் தோட்டம் சுங்கைப்பட்டாணிப் பக்கம். மெயின் ரோட்டுக்குப் போகச் செம்மண் சாலையில் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். விடியுமுன் பெரட்டு, பிறகு மரம் சீவுதல், பால் எடுத்தல், காண்டா வாளியைத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடத்தல். சைக்கிள் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் வசதியானவர்கள். முதலில் மோட்டார் வாங்கியவர் கிராணி. அவர் புதுசு வாங்கியபோது பழையது கங்காணியிடம் போனது, கங்காணியிடமிருந்து மரம் சீவுகிறவர் ஒருவரிடம் வந்தது. லயத்துக்கு வந்த முதல் மோட்டார்கள் இப்படிக் கைமாறி வந்தவைதான்.

அப்பா 1981இல் வாங்கிய ஹோண்டா சி70 அவருக்கு முன் இரண்டு பேரிடம் இருந்தது. கூட்டுக் காசு அவர் முறைக்கு விழுந்த மாதம், பட்டணத்து மோட்டார் கடைத் தவுக்கேயிடம் போய்ப் பேசி எடுத்து வந்தார். அதற்குப் பிறகு அந்த மோட்டார் செய்யாத வேலை இல்லை. பால் வாளி, அரிசி மூட்டை, மாட்டுக்குப் புல், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை பின்னால் ரெண்டு பிள்ளை. பாட்டிக்கு மூச்சுத் திணறியபோது நடுராத்திரியில் அவளை நடுவில் உட்காரவைத்து, பின்னால் சித்தப்பா பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அதுதான். தோட்டத்து லாரி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத முதல் இரவு அது என்று அம்மா இன்றும் சொல்வார். ஓரிரு வருடம் கழித்து அம்மாவே கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டப் பழகினார். டேங்க் இல்லாத அந்த வடிவத்தின் அருமை அவருக்குத்தான் தெரியும்.

ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் மோட்டார் இல்லை, அதனோடு வந்த காகிதம்.

வண்டியின் பதிவுப் பத்திரத்தை இங்கே நாம் கிராண்ட் என்போம். நிலத்தின் உரிமைப் பத்திரத்துக்கும் அதே சொல்தான். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நிலத்துக்கான கிராண்டை யாரும் கையில் பிடித்ததில்லை. லயத்து வீடு கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போகும். மரம் கம்பெனியுடையது. வீட்டுக்குப் பின்னால் அம்மா போட்ட மரவள்ளித் தோட்டம்கூட துரை ஒரு வார்த்தை சொன்னால் போய்விடும். அப்பாவின் பெயர் 'உரிமையாளர்' என்று அச்சாகி வந்த முதல் தாள் அந்த சி70இன் கிராண்ட். எங்கள் பிறப்புப் பத்திரங்கள் இருந்த பிஸ்கெட் டின்னில் அம்மா அதையும் வைத்தார். மலேசியத் தமிழர் வரலாறு என்றால் கப்பல், ரயில் பாதை, சஞ்சிக்கூலி, சங்கம் என்று எழுதுகிறோம். எல்லாம் தேவைதான். ஆனால் தோட்டத்துத் தமிழன் முதன்முதலில் எதற்கு உரிமையாளன் ஆனான் என்று கேட்டால், பல வீடுகளில் பதில் ஒரு பழைய கப்சாயாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு நடந்த இடப்பெயர்வும் இந்த மோட்டாரில்தான் நடந்தது. 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. அடுத்தடுத்த வருடங்களில் கெடாவிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தொழிற்சாலைகள் பெருகின. பெண்பிள்ளைகளை ஏற்றிப்போக ஃபேக்டரி பஸ் தோட்டத்து முச்சந்திவரை வந்தது. பையன்கள் ஷிப்ட் வேலைக்கு மோட்டாரில் போனார்கள். ரப்பர் செம்பனையானது, செம்பனை வீடமைப்புத் திட்டமானது. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனபோது, தோட்டத்திலிருந்து கூடவே வந்த உடைமைகளில் சாமிப் படத்துக்கு அடுத்தது மோட்டார். 1987இல் இ.எக்ஸ்.5 வந்தது. 1990களின் நடுவில் எங்கள் ஊருக்கு வடக்கே குரூணில் மொடேனாஸ் தொழிற்சாலை எழுந்து, 1996இல் கிரிஸ் ரோட்டுக்கு வந்தது. இரண்டுமே அந்தப் பழைய கப் வழியில் வந்தவை. கிளட்ச் பிடி இல்லாத, நாலு ஸ்ட்ரோக், சின்ன இன்ஜின் வண்டிகள்.

நடுவில் ஆசையும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. யமஹா ஆர்.எக்ஸ்.ஸெட் 1985இல் வந்தபோது அதன் சத்தத்துக்கே லயத்துப் பையன்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள். டூ ஸ்ட்ரோக், கையில் கிளட்ச், முறுக்கினால் முன்சக்கரம் எழும்பும். உற்பத்தி நின்றுபோய்ப் பல வருடமாகியும் நன்றாக வைத்திருக்கும் ஒரு ஆர்.எக்ஸ்.ஸெட்டின் விலை இன்று புதிய கப்சாயின் விலையைத் தாண்டி நிற்கிறது. பழசு என்றாலே மலிவு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதல் மோட்டாராக அதைக் கேட்டு வரும் பிள்ளைகளிடம், "ரெண்டு வருஷம் கப்சாய் ஓட்டிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்பேன்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. ஜப்பானின் குறுகிய தெருக்களுக்காக வடிவமைத்த வண்டியை நாம் கூட்டரசு நெடுஞ்சாலையில் லாரிக்குப் பக்கத்தில் ஓட்டுகிறோம். அரசாங்கத்துக்கும் இது தெரியும். 1973இல் ஹெல்மெட் கட்டாயமானது. 1970களிலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார்களுக்கென்று தனிப் பாதை போட்டார்கள். 1992இல் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்ற விதி வந்தது. இத்தனைக்குப் பிறகும் நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டாரில் போனவர்கள்தான். என்னோடு ஆறாம் வகுப்புவரை படித்தவன் ஒருவன், மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், ஷிப்டுக்குப் போகும் வழியில் வளைவில் சறுக்கி விழுந்து இறந்தான். மோட்டாரைத் திருப்பி எடுத்து வந்தபோது பார்த்தேன். இன்ஜின் புதிதாக போர் அடித்தது, பளபளவென்று இருந்தது. பின் டயர் மொட்டை.

நாம் காலங்காலமாக மோட்டார் வாங்கும் விதத்தை அந்த மொட்டை டயரில் பார்க்கலாம். காசு குறைவு, அதனால் இருக்கிற காசை எல்லாம் இன்ஜினில் போடுவோம். டயர், பிரேக், செயின் எல்லாம் 'அப்புறம் பாத்துக்கலாம்'. அடுத்த சம்பளத்தில் வேறு செலவு வந்துவிடும். பெயர் மாற்றுவதும் அப்படித்தான். ஓட்டுகிற பையன் ஒருவன், கிராண்டில் இருக்கும் பெயர் எங்கேயோ இருக்கும் இன்னொருவருடையது. அந்த ஆள் இறந்துபோயிருந்தால் ரோட் டேக்ஸும் எடுக்க முடியாது, விற்கவும் முடியாது. ரோட்பிளாக் கண்டால் சந்துக்குள் திருப்ப வேண்டும். விபத்து என்று வந்துவிட்டால் இன்சூரன்ஸ் பேச்சே கிடையாது. அப்பா தலைமுறை எதை பிஸ்கெட் டின்னில் பத்திரப்படுத்தியதோ, அதைப் பிள்ளைகள் இருநூறு வெள்ளி மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள்.

அதனால் மூவாயிரம் வெள்ளியோடு வருகிறவர்களிடம் நான் சொல்லும் வரிசை இது. முதலில் பி2 லைசன்ஸ் எடு. பதினாறு வயது ஆனாலே போதும், 250 சிசிவரை ஓட்டலாம். அடுத்தது கிராண்ட். அதில் உள்ள ஃபிரேம் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரோடு ஒத்துப்போகிறதா, நம்பரைச் சுற்றி ராவிய தடம் இருக்கிறதா என்று பார். விற்பவர் கிராண்டில் இருப்பவர்தானா என்று கேள். "பேரு அப்புறம் மாத்திக்கலாம் தம்பி" என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடு. நிலுவைச் சம்மன் இருந்தாலும் பெயர் மாற்றத்தில் சிக்கல் வரும்.

மூன்றாவது டயரும் பிரேக்கும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். தடம் ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் ஈரத்தில் பிடிக்காது. வண்டிக்குப் பின்னால் குனிந்து இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார். இல்லையென்றால் அது எங்கோ மோதிய வண்டி. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் தட்டித் தட்டி நின்றால் பேரிங் போயிருக்கிறது. ஸ்ப்ராக்கெட் பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் செயினோடு சேர்த்து மாற்ற வேண்டும்.

கடைசியில்தான் இன்ஜின். நீ போகும்போது அது சில்லென்று இருக்க வேண்டும், தொட்டுப் பார். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் இன்ஜின் எண்ணெயைக் குடிக்கிறது. எந்த மாடல் என்ற கேள்வி இதற்கெல்லாம் பிறகுதான் வரும், அதற்கும் பதில் எளிது. உன் வீட்டுக்குப் பக்கத்து மோட்டார் கடைக்காரர் எதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவாரோ அதை வாங்கு. பெரும்பாலும் அது கப்சாயாகத்தான் இருக்கும். உதிரிப் பாகம் எல்லா ஊரிலும் கிடைக்கும். எடை நூறு கிலோ பக்கம்தான், விழுந்தால் நீயே தூக்கி நிறுத்தலாம். 150 சிசிக்குள் இருப்பதால் ரோட் டேக்ஸ் வருடத்துக்கு இரண்டே வெள்ளி.

மூவாயிரம் இருந்தால் இரண்டாயிரத்து நானூறுக்கு வண்டி பார். மிச்ச அறுநூறில் இரண்டு டயர், பிரேக், செயின், சிரிம் முத்திரை போட்ட ஒரு ஹெல்மெட், பெயர் மாற்றச் செலவு. வண்டி கொஞ்சம் பழசாக இருக்கும், பெயின்ட் மங்கியிருக்கும், கூட்டாளிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஜே.பி.ஜே. கவுன்டரில் உன் பெயருக்கு மாற்றிவிட்டு, அந்தத் தாளைக் கொண்டுபோய் முதலில் உன் அப்பாவிடமோ தாத்தாவிடமோ காட்டு. அவர்களுடைய முதல் கிராண்ட் எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்.