கடவுச்சீட்டும் சான்றுச் சுமையும்

கோப்பாயைச் சேர்ந்த ஓர் இளைஞர் முதன்முறையாகக் கடவுச்சீட்டுப் பெற விரும்புவாராயின், தாம் யாரென்பதை அவரே நிரூபித்தல் வேண்டும். பிறப்பத்தாட்சிப் பத்திரமும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் இருந்தால் தேசிய அடையாள அட்டை. அவ்வட்டை இருந்தால் கடவுச்சீட்டு. 2015 முதல் கைவிரல் அடையாளமும் பெறப்படுகிறது. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு அலுவலகம் திறக்கப்பட்டதனால், வவுனியாவுக்கும் கொழும்புக்கும் அலையும் துன்பம் குறைந்தது. தூரம் குறைந்தது நன்று. சான்றின் சுமை குறைந்ததா?

மக்களைப் பதிவுசெய்தல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. ஒல்லாந்தர் இங்குள்ள குடும்பங்களையும் காணிகளையும் தோம்புகளில் எழுதிவைத்தனர். வரியும் ஊழியமும் பெறுதலே அவர்கள் நோக்கம். ஆயினும், எழுதும் பொறுப்பை அரசே சுமந்தது. கடவுச்சீட்டோ பிற்காலத்தது. முதலாம் உலக யுத்தத்தின்போது இறுகிய எல்லைக் கட்டுப்பாடு, யுத்தம் முடிந்த பின்னும் தளரவில்லை. 1920இல் சர்வதேச சங்கம் பாரிஸில் கூட்டிய மாநாடு கடவுச்சீட்டுக்குப் பொது வடிவம் வகுத்தது. நாடற்ற அகதிகளுக்காக 1922இல் நான்சன் பத்திரம் தோன்றியது. காகிதம் இல்லாதவன் மனிதனல்லன் என்னும் நிலை அதற்குள் உருவாகிவிட்டது!

இலங்கையில் அந்நிலை 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு கொடிய வடிவெடுத்தது. இம்மண்ணில் பிறந்திருத்தல் மட்டும் போதாது. தந்தை இங்கே பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும் என்றது சட்டம். லயத்தில் பிறந்து லயத்தில் மடிந்த தொழிலாளி, பூட்டனின் பிறப்புக்குப் பத்திரம் தேடி எங்கே போவான்? ஏறத்தாழ 7 இலட்சம் மலையக மக்கள் நாடற்றவராயினர்.

இந்த அநீதி தோட்டப்புறத்தோடு முடிந்த கதையன்று என்பதை அன்றே உணர்ந்தோர் உளர். இடதுசாரிகள் எதிர்த்து வாக்களித்தனர். தொடர்ந்து வந்த இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமை மசோதாவை, கோப்பாய்த் தொகுதியின் உறுப்பினர் கு. வன்னியசிங்கம், செல்வநாயகத்துடன் சேர்ந்து எதிர்த்தார். தமிழ்க் காங்கிரஸ் பிளவுண்டது. 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. மலையக மக்களோ 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டனர். எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

பத்திரமின்மையின் துயரம் பின்னர் வடக்கையும் தேடி வந்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் ஒரே இரவில் பெயர்ந்தபோது, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் பெட்டியிலிருந்த பத்திரங்களை எல்லாம் எடுத்துச் செல்லவா முடிந்தது?

ஆள்மாறாட்டத்தைத் தடுக்கச் சோதனை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. பிறர் பெயரில் கடவுச்சீட்டுப் பெறப்பட்டால் ஏமாறுவோரும் ஏழைகளே. ஆனால் சோதிப்பது வேறு, ஐயுறுவது வேறு. பிறப்பைப் பதிவது அரசு. அடையாள அட்டையை வழங்குவதும் அரசு. ஒரு திணைக்களம் எழுதியதை மற்றொரு திணைக்களம் நம்புவதற்காக ஏழை ஒருவர் நாட்கூலியை இழந்து நடப்பது எவ்வகை நீதி? பதிவேடு அரசின் கையில் இருக்கும்போது தேடும் கடமையும் அரசினதே. 1948இல் தொழிலாளியின் தலையில் ஏற்றிய அச்சுமையை இறக்கிவைக்கும் நாளே குடியுரிமை முழுமை பெறும் நாள்.